கம்ப்ளெயின்ட் சாரும் என் நாலு பேர் இசைக்குழுவும்

தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, கம்ப்ளெயின்ட் சார் அளவுக்குக் குறை சொல்லத் தெரிந்த இன்னொரு மனிதர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், ஆஸ்பத்திரியில் வெளிச்சம் போதவில்லை என்று அப்போதே சொல்லியிருப்பார், நமக்கும் தெரிந்திருக்கும்.

பால் பாக்கெட் சில்லென்று இருந்தால், "ஐஸ் மாதிரி கீது, இது எப்ப காயறது?" என்பார். சில்லென்று இல்லாவிட்டால், "இது நேத்து பாலு" என்பார். எங்கள் தெருவிளக்கு பகலில் எரிகிறது என்று புகார் கொடுத்து அணைக்க வைத்தார். அன்று சாயங்காலமே, விளக்கு எரியவில்லை என்று இன்னொரு புகார். ஒரு முறை திருநீர்மலைக்குப் போய் வந்தவரிடம், "தரிசனம் எப்படி சார்?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். "மேல காத்து ஜாஸ்தி. ஒரு கைல தேங்கா, ஒரு கைல வேட்டி. எந்தக் கையால கும்புடறது?" என்றார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சேலையூரில் எங்கள் அபார்ட்மென்டில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஊரார் குறைகளை வாங்கி வைத்துக்கொண்டவர், ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் ஊருக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் கோயம்புத்தூரில். முதல் மாடியில் எஃப்-டூ வீட்டில் தனியாக இருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, இரண்டாவது மாடி எஸ்-டூவில், நான்.

பதிலுக்கு அவரும் எங்கள் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. வீட்டு எண்தான். "இன்னா எஸ்-டூ, ஆபீஸ் இல்லயா?" என்பார். பேன்ட் போட்டிருந்தால் ஆபீஸ் தமிழ் பேசுவார். வேட்டி கட்டிவிட்டால் அசல் மெட்ராஸ் தமிழ். ஓய்வு பெற்றபின் பேன்ட் போடும் சந்தர்ப்பங்கள் குறைவு.

இனி என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் சிரிக்கத் தகுந்த ஆள் உண்மையில் நான்தான்.

மறைமலை நகர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாற்பது வயது தாண்டியதும் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு ஆன்மிகம் வருகிறது. எனக்கு எலெக்ட்ரிக் கிடார் வந்தது. பொத்தேரியில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவனிடம் வாங்கியது. அதன் மேல் ஒரு மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்புகளும் ஒட்டியிருந்தன. வீட்டுக்கு ஆகாது என்று என் மனைவி சுதா அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். ஸ்டிக்கர் அளவு போதவில்லை. இன்றும் எங்கள் பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தால் கிடார் என் தொப்பை மேல், அலமாரியில் வைத்த மாதிரி, தானாக உட்கார்ந்துகொள்ளும். தோள்பட்டி தேவைப்பட்டதே இல்லை.

வாசிக்கக் கற்றுக்கொண்டாயா என்று கேட்காதீர்கள். இப்போது அதற்கெல்லாம் அவசியமில்லை. கிடார் ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியை லேப்டாப்பில் செருகினால் போதும். மற்றதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். டிரம்ஸ் அதிலேயே இருக்கிறது. பேஸ் கிடார் இருக்கிறது. நான் எட்டுக்குப் பத்து அறையில் எழுப்பும் முனகலை, பெரிய மைதானத்தில் கூட்டத்துக்கு முன் எழும் முழக்கமாக மாற்றும் பொத்தானும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு வரியை எத்தனை முறை தப்பாக வாசித்தாலும், அங்கங்கே தவறிப்போய்ச் சரியாக விழுந்த துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய பிறகு கேட்டால் எவனோ பெரிய வித்வான் வாசித்த மாதிரி இருக்கும். ராக் இசைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்வதைவிட, நல்ல தையல்காரன் என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்கு நியாயம்.

பாடவும் வராது. ஆகவே என் இசையில் பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான். முதல் முதலாக ஒன்றை முடித்து சுதாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காண்பித்தேன். கையில் கரண்டியோடு நின்று, பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரிங்க, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிருச்சு சுதா."

"ஓ" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் சொன்ன மிகக் கனிவான 'ஓ' அதுதான்.

நாங்கள் எஸ்-டூவுக்குக் குடிவந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லேப்டாப்பில் என் இசையை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால், வேட்டி பனியனோடு கம்ப்ளெயின்ட் சார்.

"எஸ்-டூ, உள்ள எத்தன பேரு கீறீங்க?"

"நானும் வைஃபும்தான் சார்."

"பொய் சொல்லாத. கீழேர்ந்து கேட்டுக்கினுதான கீறேன். டிரம்ஸ் அடிக்கிறவன் ஒருத்தன். கிடாரு ரெண்டு பேரு. டொம்மு டொம்முனு தனியா ஒருத்தன் எதையோ இழுத்துக்கினு கீறான். மொத்தம் நாலு பேரு. நாலு பேரும் குளிப்பானுங்களா, மாட்டானுங்களா? டேங்க் தண்ணி சாயங்காலத்துக்குள்ள ஏன் தீந்து போவுதுன்னு இப்பத்தான் புரியுது."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். பால்கனியில் காய்ந்த போர்வையை விலக்கிப் பார்த்தார். குளியலறையையும் விடவில்லை. சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த சுதா, "யாரைத் தேடறார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என் டிரம்மரை" என்றேன்.

கடைசியில் அவரை லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். திரையில் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்து விசாரித்தார்.

"இவன் யாரு?"

"டிரம்ஸ். கம்ப்யூட்டர் சார்."

"இவன்?"

"பேஸ் கிடார். அதுவும் கம்ப்யூட்டர்தான்."

"இந்த ரெண்டாவது கிடாரு?"

"அது நான். போன வாரமே வாசிச்சு வச்சது."

"மொத கிடாரு?"

"அதுவும் நான்தான் சார். கொஞ்சம் ஒட்டு போட்டது."

விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, இப்ப நீ இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?"

நான் பொத்தானை அழுத்திவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதை மறைக்காமல் சொன்னேன்.

"தலையாவது உன்னுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். வாசலைத் தாண்டியவர், திரும்பி நின்று, "அந்த டிரம்ஸ்காரன் ஒருத்தன்தான் ஒழுங்கு. நீ அவனுக்கு முன்னால முன்னால ஓடற" என்றார்.

கொதித்துப்போனேன். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக் கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார். புகார் சொல்ல வருகிறவரை எப்படி வராதே என்பது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். சுதா கொடுக்கும் காபியை, டிகாஷன் பத்தவில்லை என்று சொல்லி, இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிப்பார். பிறகு, "போடு" என்பார். போடுவேன்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நினைத்து, நீளமாக எதிரொலிக்கும் மெதுவான ஒன்றைச் செய்திருந்தேன். விடியற்காலை, பனி, தூரத்தில் பறவைகள் என்று எனக்குள் ஏகப்பட்ட கற்பனை. முழுவதும் கேட்டார்.

"பள்ளிக்கரணைன்னு பேரு வச்சிருக்க. கொசு எங்க?"

சிரித்தேன். ஆனால் அவர் போனபின் ஒரு மெல்லிய, கீச்சென்ற சுரத்தைக் காதோரம் வந்து போகிற மாதிரிச் சேர்த்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்த சுதா தன்னையறியாமல் கையைப் பட்டென்று தட்டிக்கொண்டாள். சுரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்ததற்கு 'ஜி.எஸ்.டி. ரோடு' என்று பெயர் வைத்தேன். நான் செய்ததிலேயே வேகமானது. தினமும் வேலைக்குப் போய் வருகிற சாலைக்கு என் காணிக்கை. அதற்கும் அவர் தலையாட்டவில்லை.

"தாம்பரத்துல எடுத்தா நேரா செங்கல்பட்டுலதான் போய் நிக்கிது. பெருங்களத்தூர் டிராஃபிக்ல நிக்கவே இல்லயே? இது இன்னாவோ ஃபாரின் ரோடு."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் பாட்டின் நடுவில் டிரம்ஸைச் சட்டென்று நிறுத்தினேன். கிடார் மட்டும், ஓடாமல் நிற்கிற ஆட்டோ மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. நடுவே ஹாரன் போல இரண்டு சுரம். அப்புறம் மறுபடி டிரம்ஸ் இடியாக இறங்கும். இணையத்தில் ஏற்றினேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் என் மச்சினன்மார்கள் என்றாலும், எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். கம்ப்ளெயின்ட் சார் மட்டும், "நின்னது பத்தாது" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தரைத்தளம் ஜி-ஒன்னுக்குப் பிரியா என்ற பெண் குடிவந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்; வெளிநாட்டு ஆபீஸோடு ஞாயிற்றுக்கிழமையும் பேசவேண்டியிருக்கும். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிரியா எழுந்து மிகவும் மரியாதையாகவே சொன்னார்.

"எனக்கு மியூசிக் பிடிக்கும் அங்கிள். ஆனா நான் மீட்டிங்ல பேசும்போது பின்னாடி கிடார் கேக்குது. 'உங்க வீட்ல ஏதாவது சண்டையா'ன்னு எங்க மேனேஜர் கேக்கறார். ஸ்பீக்கர் வச்சு வாசிக்கறதை பில்டிங்ல நிறுத்திடலாமே."

பல தலைகள் ஆடின. என் மனசு நொறுங்கியது. நாள் முழுக்க நட்டுக்கும் போல்ட்டுக்கும் விலை கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, எனக்கே எனக்கென்று இருந்தது அந்த ஒரு கிறுக்குத்தனம்தான். எல்லோரும் கம்ப்ளெயின்ட் சாரைப் பார்த்தார்கள். என் காலுக்குக் கீழே வசிக்கிறவர். குறை சொல்லவே பிறந்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

எழுந்தார். அன்று வேட்டி.

"ஏம்மா ஜி-ஒன்னு, எஸ்-டூ பாட்ட முழுசா கேட்டிருக்கியா?"

"இல்ல அங்கிள், அதுக்குள்ள ஹெட்ஃபோன் போட்டுடுவேன்."

"முழுசா கேக்காம எப்படிம்மா கம்ப்ளெயின்ட் குடுக்கற? நான் வாரா வாரம் மாடி ஏறிப் போய், ஒக்காந்து, மொத்தத்தையும் கேட்டுட்டு, எங்கெங்க தப்புன்னு தேடிக் கண்டுபுடிச்சு சொல்லிக்கினு கீறேன். ஒரு கம்ப்ளெயின்ட்னா அதுக்கு ஒரு ஒழைப்பு வேணாவா?"

அவரே தொடர்ந்தார். "வர ஞாயித்துக்கெழம சாயங்காலம் மொட்ட மாடில எஸ்-டூ வாசிப்பான். எல்லாரும் வந்து முழுசா கேளுங்க. அதுக்கப்புறம் வேணாம்னா கைய தூக்குங்க."

ஏகமனதாக நிறைவேறியது. என்னை யாரும் கேட்கவில்லை.

மாடிப்படியில் அவரை மறித்துக்கொண்டேன். "சார், எனக்கு நேரா வாசிக்க வராது. ஒட்டு போட்டாத்தான் வரும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"வாய்ல வந்துருச்சு. இன்னா பண்றது?" என்றார். முதல் முறையாக அவர் முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது.

அந்த வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் பயிற்சி. டிரம்ஸும் பேஸும் லேப்டாப்பில் ஓடும். கிடாரை மட்டும் நான் வாசிக்கவேண்டும், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, வெட்டாமல், ஒட்டாமல். எதிரே நாற்காலியில் கம்ப்ளெயின்ட் சார். முதல் சில நாட்கள் ஒவ்வொரு தப்புக்கும் "ம்ஹும்" என்றார். வியாழக்கிழமை நான் பாட்டின் நடுவே வழி தெரியாமல் நின்றுவிட்டேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. காபியைக்கூடக் குறை சொல்லாமல் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

சுதா கதவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "என்னங்க, சாருக்கு உடம்பு சரியில்லையா?"

"என் வாசிப்பு சரியில்ல" என்றேன். அவர் திட்டியபோதெல்லாம் வராத பயம் அன்று வந்தது.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. "கொஞ்சம் தள்ளிப் போனா இன்னா?" என்று அதை அதட்டினார் கம்ப்ளெயின்ட் சார். எப்போதும் இல்லாமல் பேன்ட் போட்டு, முழுக்கை சட்டையை உள்ளே விட்டிருந்தார். ஆனாலும் மெட்ராஸ் தமிழ்தான் வந்தது. அதிலிருந்தே அவர் பதற்றம் புரிந்தது.

கிடாரை அன்று தனி ஸ்பீக்கரில் நேராகச் செருகியிருந்தேன்; லேப்டாப்பில் டிரம்ஸும் பேஸும் மட்டும். 'ஜி.எஸ்.டி. ரோடு' ஆரம்பித்தேன். விரல் நுனியெல்லாம் வியர்வை. தாம்பரத்தைத் தாண்டினேன். கடவுள் புண்ணியத்தில் பெரிய விபத்து இல்லை. பெருங்களத்தூர் வந்தது. டிரம்ஸ் நின்றது. கிடார் உறுமியது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "டிராஃபிக்பா!" என்றார் யாரோ. ஹாரன் சுரங்களை வாசித்தேன். இப்போது டிரம்ஸ் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். திரையில் கோடுகள் நின்றுபோய், ஒரு சின்ன வட்டம் மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உறுமிக்கொண்டே இருந்தேன். இன்னொரு முறை ஹாரன் அடித்தேன். இன்னும் ஒரு முறை. பெருங்களத்தூருக்கே அது அதிக நேரம். சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். சுதா கைகளைக் கோத்துக்கொண்டாள். நிறுத்திவிட்டுக் கும்பிடு போட்டுவிடலாம் என்று நான் கையைத் தூக்கப் போன நேரம்.

டொம்!

திரும்பினேன். கம்ப்ளெயின்ட் சார் மூலையிலிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். சாயங்கால நேரம், தொட்டி காலி. மாடியே அதிர்ந்தது.

"இன்னாய்யா எஸ்-டூ, சிக்னல் உழுந்துருச்சு, வண்டிய எடு!"

எடுத்தேன்.

அவர் அடித்ததைத் தாளம் என்று சொல்ல முடியாது. உள்ளே மாட்டிக்கொண்டவன் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் எனக்கு முன்னால் அவர் ஓடினார். சுரம் தப்பினால், அடியை நிறுத்தாமலே "தப்பு!" என்று கத்தினார். நிறையக் கத்தினார். ஆனால் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் எங்கே போயின என்று தெரியாது. எப்படியோ இருவரும் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம். நான் சேர்ந்துவிட்டேன் என்பது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும், கிடார் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். யாரும் தூக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்துப் பிரியா மட்டும் தயங்கித் தூக்கினார்.

"கிடார் ஓகே அங்கிள். என் மீட்டிங் நேரத்தை முன்னாடியே மெசேஜ் பண்ணிடறேன், மத்த நேரம் வாசிக்கட்டும். ஆனா சார் டேங்க்கைத் தட்டறதைத்தான் தாங்க முடியல. அதை மட்டும் தடை பண்ணிடலாமே?"

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. நான் கம்ப்ளெயின்ட் சாரைக் கவலையோடு பார்த்தேன். உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து, மூச்சு வாங்க நின்றிருந்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"எம் மேலயே கம்ப்ளெயின்ட்டா?" என்றார். "எழுத்துல குடும்மா!" அவ்வளவு ஆசையாக அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போக வந்தார். சாமான்கள் எல்லாம் இறங்கி வண்டியில் ஏறிய பிறகு, கம்ப்ளெயின்ட் சார் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். சுதா கொடுத்த காபியைக் குடித்தார். டிகாஷன் பத்தவில்லை என்றார். கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், போறப்பவாவது ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நல்லா கீதுன்னு மொத நாளே சொல்லிட்டிருந்தா, அப்பால இன்னா சாக்கு வச்சுக்கினு நான் மேல வர்றது?"

என் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் வந்தது.

"எஸ்-டூ, இங்க ஒரே பேஜாரா கீதுய்யா."

"ஏன் சார், தண்ணி வரலையா?"

"தண்ணில்லாம் வருது. காத்து வருது. பையன் நல்லா பாத்துக்கறான். மருமவ காபிகூட நல்லாத்தான் போடுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல் வூட்ல ஒரு சத்தமே இல்லய்யா. ஒரு மனுசன் எப்படிய்யா இருக்கறது?"

இத்தனை காலத்தில் அவர் கொடுத்த புகார்களில், அந்த நிமிஷமே தீர்த்துவைக்க என்னால் முடிந்தது இது ஒன்றுதான். ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கிடாரைக் கையில் எடுத்தேன்.